சிவக்கொழுந்து மாறுகிற இடம்

கொட்டாஞ்சேனையில் பிறிஜெற்றைத் தெரியாதவர்கள் குறைவு. அவளிடம் கேள்வி வாங்காமல் தப்பியவர்கள் அதைவிடக் குறைவு. சின்ன வயதில், ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில், செங்கடல் இரண்டாகப் பிளந்து வழிவிட்ட கதையைச் சிஸ்டர் உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருந்தபோது இவள் எழுந்து நின்றாள்.

"அந்த நேரம் நடுவுல நிண்ட மீனெல்லாம் எங்க போச்சு சிஸ்டர்?"

வகுப்பு முடியும்வரை முழங்காலில் நிற்கவைத்தார்கள். முழங்காலில் நின்றபடியும் அவள் அந்த மீன்களைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். பாவம், எந்தப் பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டனவோ!

தகப்பன் சவுந்தரநாயகம் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். தாய் மெற்றில்டா பிளவுஸ் தைத்தவள். தாயின் தையல் மெஷினுக்கு அடியில், வெட்டித் துண்டான துணிகளுக்கு நடுவே வளர்ந்த பிள்ளை பிறிஜெற். மூன்று மொழியிலும் டைப் அடிக்கப் பழகினாள். துறைமுகத்தில் வேலை செய்த ஒஸ்வால்டைக் காதலித்து, இரண்டு வீட்டாரும் அழுது ஓய்ந்தபிறகு கட்டினாள். கப்பல் கம்பெனி ஒன்றில் நெடுங்காலம் இருந்தாள். அந்தக் கம்பெனி மூடப்பட்டபோது அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. இனி யார் வேலை தரப்போகிறார்கள் என்று அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தவளுக்கு, வெள்ளவத்தையிலிருந்து ஓர் அழைப்பு வந்தது.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு அது. சண்டை ஓய்ந்து நின்றது; முடிந்துவிட்டது என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை. வடக்கே போகும் பாதை திறந்திருந்தது. வெளிநாட்டு உதவியில் வன்னிக் குளங்களைத் திருத்தும் திட்டங்கள் கொழும்பில் மேசை மேசையாக வரையப்பட்டன. அப்படி ஒரு மேசை காலி வீதியில், ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. அதற்கு உடையவர் நமசிவாயம். நீர்ப்பாசனப் பகுதியில் வேலை செய்து இளைப்பாறிய யாழ்ப்பாணத்து எந்திரி. மருதமோட்டைக் குளத்தின் இடதுகரை வாய்க்காலுக்குக் கொங்கிறீட் உள்பூச்சுப் போடுவதற்கான திட்டத்தை அவர்தான் தயாரித்துக்கொண்டிருந்தார். குளத்தடியில் கமக்காரர்களைக் கூட்டி அவர்கள் சொல்வதைக் கசற்றில் பதிந்து அனுப்புவார்கள். அதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுத ஓர் ஆள் வேண்டியிருந்தது.

நேர்முகத்தில் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"பிள்ளை, நீர் வாய்க்கால் கண்டிருக்கிறீரோ?"

"வெள்ளவத்தைக் கால்வாய் கண்டிருக்கிறேன், சேர்."

"அதில தண்ணி ஓடுதே?"

"ஓடாது சேர். நாத்தம்தான் ஓடுது."

நமசிவாயம் சிரித்துவிட்டார். "காணும். மூண்டு மாதம் பாப்பம். சரிவந்தா நிரந்தரம்."

பிறிஜெற் அந்த வேலையைக் காதலித்தாள் என்றுதான் சொல்லவேண்டும். கப்பல் கம்பெனியில் அவள் தட்டியதெல்லாம் பெட்டிகளும் எடைகளும். இங்கே மனிதர்கள் பேசினார்கள்! இயர்போனைக் காதில் வைத்தால் கோழி கொக்கரிக்கும், யாரோ இருமுவார், தூரத்தில் உழவு இயந்திரம் இரையும், நடுவே ஒரு குரல் தன் வயலைப் பற்றிச் சொல்லும். முகம் தெரியாத அந்தக் குரல்களுக்கு அவள் மனதுக்குள் முகம் வைத்தாள். பொட்டு வைத்தாள். சிலருக்கு மூக்குத்தியும் போட்டாள்.

கேள்விகளுக்கும் குறைவில்லை.

"லைனிங் எண்டா எங்கட அம்மா பிளவுஸுக்கு உள்ள வைக்கிறது, சேர். வாய்க்காலுக்கு ஏன்?"

"உம்மட அம்மா ஏன் வைக்கிறவ?"

"வேர்வை வெளியில தெரியாம இருக்க."

"அதேதான். மண் வாய்க்கால் வேர்க்கும், பிள்ளை. குளத்தில திறந்து விடுற தண்ணியில பாதி வழியிலயே மண்ணுக்குள்ள போயிடும். கடைசி வயல்காரன் வானத்தைப் பாத்துக்கொண்டிருப்பான். உள்ளுக்குக் கொங்கிறீட் போட்டா அவனுக்கும் தண்ணி போய்ச் சேரும்."

கடைசி வயல்காரனை நினைத்து பிறிஜெற்றுக்கு அன்று பகல் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் மாதத்தின் தொடக்கத்தில் வந்த கசற்றில்தான் அந்தக் குரல் இருந்தது. பெண் குரல். தடித்த, தயங்காத குரல். வெளிக்கள உத்தியோகத்தர் பெரியதம்பி பெயர் கேட்க, "சிவக்கொழுந்து" என்றது. பிறகு சொன்னது:

"வாய்க்காலுக்குச் சீமெந்து போடுறது நல்ல விசயம். நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா அந்த ரெண்டு பாலைமரத்துக்கும் நடுவில நான் மாறுற இடம் ஒண்டு இருக்குது. அதை மட்டும் அடைச்சுப் போடாதேங்கோ. அவர் இருக்கேக்கையும் நான்தான் மாறினனான். அவர் செத்தாப் பிறகும் நான்தான் மாறுறன். ஷெல் விழேக்கையும் மாறினனான். அதை அடைச்சா எனக்குச் சாவுதான், தம்பி."

"சரியம்மா, பதிஞ்சாச்சு. அடுத்த ஆள் வாங்கோ."

பிறிஜெற் யோசித்தாள். அவள் அறிந்த உலகில் மாறுவது இரண்டுதான். கொட்டாஞ்சேனையில் ஏறி, புறக்கோட்டையில் பஸ் மாறி, வெள்ளவத்தைக்கு வருகிறாளே, அது ஒன்று. மற்றது உடுப்பு. மருதமோட்டை வாய்க்காலில் பஸ் ஓடாது. ஆகவே உடுப்பு. கொழும்பில் 'மாத்துறது' என்பதை வடக்கில் 'மாறுறது' என்று சொல்வார்களாக்கும். அந்தப் பக்கத்து ஆட்கள் எதையும் ஒரு மாதிரித்தானே சொல்வார்கள்!

கண் முன்னே காட்சி விரிந்துவிட்டது. இரண்டு பாலைமரங்கள். நடுவே, மறைப்பில்லாத வாய்க்கால் கரையில், குளித்துவிட்டு ஈரச் சேலையோடு நடுங்கி நிற்கும் ஒரு விதவை. பிறிஜெற்றின் நெஞ்சு விம்மியது. ஆங்கிலத்தில் தட்டினாள்: இரண்டு பாலைமரங்களுக்கு நடுவே பெண்கள் குளித்து உடை மாற்றும் இடம் ஒன்று உண்டு, அதை மூடிவிட வேண்டாம் என்று ஒரு விதவை கண்ணீரோடு கேட்கிறார்.

கண்ணீர் கசற்றில் இருக்கவில்லை. அது பிறிஜெற்றினுடையது.

நமசிவாயம் அதை வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாங்கள் ஆம்பிளையள் இதை யோசிக்கேல்லைப் பாரும்" என்றார். தானே பென்சிலை எடுத்து, வரைபடத்தில் அந்த இரண்டு பாலைமரங்களுக்கு நடுவே, கொங்கிறீட் படிகள் வாய்க்காலுக்குள் இறங்குவதுபோலக் கீறினார். படிகளுக்குப் பக்கத்தில் ஆளுயரச் சுவர் எழுப்பி உடைமாற்ற ஒரு மறைப்பும் வரைந்தார். உதவி கொடுக்கும் நிறுவனத்திலிருந்து வந்த வெள்ளைக்காரப் பெண் அந்த வரைபடத்தைக் கண்டதும் கைதட்டியே விட்டாள். பெண்களின் குரலைக் கேட்ட திட்டம் இது என்று பாராட்டினாள். யார் கேட்டது என்று விசாரித்தபோது நமசிவாயம் பிறிஜெற்றைக் கைகாட்டினார்.

அன்று முழுக்க பிறிஜெற்றின் கால் தரையில் படவில்லை. வேலையும் நிரந்தரமாகிவிடும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

ஆனால் மனதுக்குள் ஒரு முள். சின்ன முள்தான். ஷெல் விழும்போதும் மாறினாளாம். குண்டு விழுகிற நேரம் எந்தப் பெண் வாய்க்கால் கரையில் நின்று உடுப்பு மாற்றுவாள்? அதை அடைத்தால் ஏன் சாவு வரவேண்டும்? கசற்றைத் திருப்பித் திருப்பிப் போட்டாள். குரலில் நடுக்கமும் இல்லை, வெட்கமும் இல்லை. அது தன் உரிமையைச் சொல்கிற குரல்.

வீட்டில், சோறு போட்டுக்கொண்டே ஒஸ்வால்டைக் கேட்டாள்.

"ஷெல் விழுற நேரம் ஒரு பொம்பள ஏன் உடுப்பு மாறணும்?"

"நீ பூசைக்குப் போக மூணு தரம் மாத்துறது இல்லையா?"

"பூசைக்குப் போறப்ப ஷெல் விழுதா?"

"விழுந்தா மட்டும்? பழைய சாறியோட சாகச் சொல்றியா? மாத்தாம மோட்சத்துக்குப் போனா பேதுருவானவர் கதவடியிலயே நிப்பாட்டிடுவாரு."

பிறிஜெற் சிரிக்கவில்லை. அகப்பையைப் பிடித்தபடி நின்றாள்.

"என்ன சொன்னீங்க?"

"பேதுருவானவர்..."

"இல்ல, அதுக்கு முந்தி. மாத்தாம. நீங்களும் மாத்துறது எண்டுதான் சொல்றீங்க. அந்தப் பொம்பள மாத்துறது எண்டு ஒருக்காலும் சொல்லல்ல. மாறுறது, மாறுறது எண்டுதான் சொன்னா."

"ஒரு எழுத்துக்கு இப்பிடியா? சோத்தப் போடு புள்ள."

ஒரு எழுத்துத்தான். அந்த ஒரு எழுத்து அவளைக் குடைந்தது.

வரைபடங்கள் கையொப்பத்துக்குப் போகும் நாளுக்கு முதல்நாள் பகல், அவற்றைப் போட்டோக்கொப்பி எடுக்க அலவியின் கடைக்குப் போனாள். வெளிநாட்டுத் தொலைபேசியும் போட்டோக்கொப்பியும் ஒரே கூரைக்குக் கீழ் நடக்கும் கடை அது. வெளிநாட்டு விசாவுக்காக லொட்ஜுகளில் காத்திருக்கும் வடக்கத்து ஆட்களால் அங்குள்ள தொலைபேசிக் கண்ணாடிக் கூண்டு எப்போதும் நிறைந்திருக்கும்.

"கொஞ்சம் நில்லுங்க மிஸ், மெஷின் சூடாகணும்" என்றார் அலவி. "உள்ளுக்கு நிக்கிற தாத்தா கெனடாவுக்குக் கத்துற கத்துல கண்ணாடி வெடிக்கப்போகுது. போன் இல்லாமலே கேட்டிருக்கும்."

அலவியின் பேச்சில் தாத்தா என்றால் அக்கா. கூண்டுக்குள் ஒரு பெண் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள்.

"கேக்குதேயப்பா? ஓம், வெங்காயம் வைச்சுப்போட்டுத்தான் வந்தனாங்கள்! இல்லையப்பா, கூலிக்கு ஆள் பிடிக்கேல்லை. ஐயா இறைக்க நான்தான் மாறினனான். ஓம், நான்தான்! சிரியாதேங்கோ! காலெல்லாம் சேத்துப்புண்!"

பிறிஜெற்றின் கையிலிருந்த வரைபடச் சுருள் நழுவி விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை. அந்தப் பெண் வெளியே வந்ததும் வழியை மறித்தாள்.

"கோவிக்காதீங்க அக்கா. நீங்க என்னத்த மாறினீங்க?"

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"தண்ணி. வேறென்னத்தை மாறுறது?"

"தண்ணிய எப்பிடி மாறுறது?"

"ஐயோ, நீங்கள் தமிழெல்லே?"

"கொட்டாஞ்சேனை."

"ஓ..." என்றாள் அந்தப் பெண். அந்த 'ஓ' நீண்டது. அதற்குள் இரக்கம் இருந்தது. கடைத் தரையில் செருப்புக் காலால் கோடு கீறிக் காட்டினாள். "உது வாய்க்கால். உதெல்லாம் பாத்தி. இந்தப் பாத்தி நிரம்பினதும் மண்வெட்டியால ஒரு கொத்து. இந்த வாயை அடைச்சு மற்ற வாயைத் திறந்து விடவேணும். அது நிரம்பினா அடுத்தது. தண்ணியோட தண்ணியா நிண்டு மாறிக்கொண்டே இருக்கவேணும். விட்டிட்டுப் போனா ஒரு பக்கம் வெள்ளம், மற்றப் பக்கம் கருகிப்போம். அதுதான் தண்ணி மாறுறது."

"ஷெல் விழுந்தாலும்?"

"பயிருக்கு ஷெல் தெரியுமே?"

அலவி விழுந்த சுருளை எடுத்து, கொப்பி அடித்து நீட்டினார். பிறிஜெற் அவற்றை வாங்கி விரித்தாள். இரண்டு பாலைமரங்களுக்கு நடுவே, மை காய்ந்த அழகான படிகள். அழகான மறைப்பு. இரண்டு பக்கமும் ஓட்டையே இல்லாத கொங்கிறீட். சிவக்கொழுந்து தன் பயிருக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாய் அந்தக் கொங்கிறீட்டுக்குள் புதைந்துபோயிருந்தது. ஆண்டவரே! உடுத்தியதை மாற்ற அந்த மனுசிக்குச் சுவர் கட்டிக் கொடுத்துவிட்டு, உண்ணுகிற சோற்றை அல்லவா பிடுங்கிவிட்டேன்! கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு ஒரு சொல்லால் ஒரு காணியைக் காயப்போட்டுவிட்டேனே!

மாடிப்படி ஏறினாள். சொன்னால் வேலை போகலாம். தமிழ் தெரியும் என்று வந்தவள் அல்லவா? சொல்லாவிட்டால் நாளைக்குக் கையொப்பம். கடைசிப் படியில் ஒரு கணம் நின்றாள். காதுக்குள் அந்தத் தடித்த குரல்: அதை அடைச்சா எனக்குச் சாவுதான், தம்பி.

கதவைத் தள்ளிக்கொண்டு போய் ஒரே மூச்சில் சொன்னாள்.

நமசிவாயம் முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு கசற்றைப் போடச் சொல்லிக் கேட்டார். 'மாறுற இடம்' என்ற சொல் வந்ததும் மேசையில் கவிழ்ந்து சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. "என்ர கடவுளே! தண்ணி மாறுற மனிசிக்கு நான் உடுப்பு மாத்த அறை கட்டிக் குடுத்திருக்கிறன்! அந்த வெள்ளைக்காரி வேற கைதட்டினாள்!"

பிறகு சிரிப்பு நின்றது. வரைபடத்தை நிமிர்த்திப் பார்த்தார்.

"பிள்ளை, இதில இன்னொரு சங்கதி இருக்கு. எங்கட பழைய பிளான் ஒண்டிலயும் அந்த இடத்தில வாய் இல்லை. அவவின்ர புருசன் கரையை வெட்டித் திறந்திருப்பான். அது களவு வாய். லைனிங் போடுறது களவு வாய்களை அடைக்கவுந்தான். நீர் சரியா எழுதியிருந்தா, அண்டைக்கே சிவப்புப் பென்சிலால வெட்டியிருப்பன்."

"அவவுக்கு வேற வழி இல்லையே, சேர்."

"இல்லைத்தான். அதுக்காக ஒருத்திக்குத் திறந்து விட்டா நாளைக்கு ஊரே வெட்டும். அந்தக் கடைசி வயல்காரன்? அவனுக்காக நீர் சாப்பிடாமல் இருந்தனீரெல்லே?"

ஒரு பக்கம் சிவக்கொழுந்து. மறுபக்கம் வானம் பார்த்து நிற்கும் அந்த மனிதன். யாரைக் காய விடுவது? பிறிஜெற்றின் கண் வழக்கம்போல வரைபடத்தில் அலைந்தது. வாய்க்காலுக்குள் இறங்கும் படிகளில் போய் நின்றது. அந்த நேரத்திலும் அவளுக்கு ஒரு சந்தேகம்!

"சேர், இந்தப் படியில நிண்டு சோப் போட்டுக் குளிச்சா, அந்த அழுக்குத் தண்ணி எங்க போகும்?"

"வாய்க்காலோட போகும்."

"கீழ இருக்கிற ஆக்கள் அதக் குடிக்க மாட்டாங்களா?"

நமசிவாயம் குனிந்து அந்தப் படிகளைப் பார்த்தார். மண் வாய்க்காலில் ஊர் முழுக்க அப்படித்தான் குளித்துவந்தது. பணம் போட்டுப் புதிதாகக் கட்டும்போதும் அதையே கட்டுவதா? நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். இரண்டுதரம் யன்னல்வரை போய்வந்தார். கீழே காலி வீதியில் பஸ்கள் கத்திக்கொண்டிருந்தன.

"வாய்க்காலுக்குள்ள இறங்கவே கூடாது" என்றார் தனக்குத்தானே. "கரைக்கு வெளியில ஒரு தொட்டி. வாய்க்காலில இருந்து ஒரு குழாய். மூடி திறக்கக்கூடிய குழாய். அள்ளிக் குளிக்கிறதுக்குத் தனியா ஒரு மேடை. அழுக்குத் தண்ணி ஒரு பக்கத்தால போகும்."

பென்சில் ஓடியது. பிறிஜெற் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"தொட்டி நிரம்பினா, சேர்?"

"நிரம்பினா வழியத்தான் வேணும்."

"வழியிறது எங்க போகும்?"

பென்சில் நின்றது. நமசிவாயம் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்ல ஏறியது.

"பள்ளத்துக்கு. பாலைமரத்துக்குக் கீழ என்ன கிடக்கு?"

"அவவிட காணி."

"நல்ல தண்ணி. சவுக்காரம் கலக்காத தண்ணி." குழாயின் அகலத்தைப் பக்கத்தில் எழுதினார். "இவ்வளவுதான் வரும், இதுக்கு மேல ஒரு சொட்டும் வராது. கடைசி வயல்வரைக்கும் இதைக் கழிச்சுத்தான் கணக்குப் பாக்கப்போறன். கணக்கில இருக்கிற தண்ணி களவுத் தண்ணியில்லை, பிள்ளை. அந்த மனிசி வெட்டின வாயை அடைப்பம். அதுக்குப் பதிலாக் குழாய்."

"அப்ப நான் எழுதினது, சேர்?"

"திருத்தி எழுதும். தண்ணி மாறுற இடமெண்டு தெளிவா எழுதும். குளிக்கிற தொட்டியும் இருக்கட்டும். ஊரில மற்றப் பெண்டுகளும் இருக்கினமெல்லே." தொண்டையைச் செருமினார். "இனிமேல் விளங்காத சொல் வந்தா என்ன செய்வீர்?"

"கேப்பேன் சேர்."

"ஆரிட்டை?"

"உங்ககிட்ட. நீங்க இல்லாட்டி அலவி நானாட கடையில."

வேலை போனதா நிரந்தரமானதா என்று கேட்கத்தான் வந்தது. உலகத்தில் எல்லாவற்றையும் கேட்பவளுக்கு அதை மட்டும் கேட்க வாய் வரவில்லை. அவர்தான் சொன்னார்: "நாளைக்கு வெள்ளன வாரும். எல்லாத்தையும் திரும்பக் கீறவேணும்."

திருத்திய திட்டத்தைப் பெரியதம்பி குளத்தடிக்குக் கொண்டுபோய் ஆட்களுக்கு விளங்கப்படுத்தினார். அந்தக் கூட்டத்தின் கசற், வவுனியா பஸ்ஸில், சாக்கு நூலால் கட்டிய பொட்டலமாக வந்து சேர்ந்தது. பிறிஜெற் இயர்போனைப் போடவில்லை. நமசிவாயமும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் விட்டாள். கோழிகள். இருமல். பிறகு அந்தக் குரல்.

"தொட்டியோ? எனக்கென்னத்துக்குத் தொட்டி? நான் கிணத்திலயெல்லோ குளிக்கிறனான். ஆர் உதைக் கேட்டது?"

"கொழும்பில ஒரு பிள்ளை, அம்மா."

"அந்தப் பிள்ளைக்கு விசரே? நான் கேட்டது மிளகாய்க்குத் தண்ணி."

"கேளுங்கோ அம்மா. தொட்டி நிரம்பி வழியிற தண்ணி உங்கட காணிக்குள்ளதான் வரும். பிளானில கிடக்கு."

சிவக்கொழுந்து சிரித்தாள். பக்கத்தில் நின்ற பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

"அப்ப அந்தத் தொட்டியை நல்லாப் பெரிசாக் கட்டச் சொல்லு, தம்பி!"

"இந்தச் சமாதானம் நிண்டாக் கட்டுவினம், அம்மா."

"நிண்டாக் கட்டட்டும். கட்டுமட்டும் நான் என்ர பாட்டுக்கு மாறிக்கொண்டிருப்பன்."

நமசிவாயம் ஓரக்கண்ணால் பார்த்தார். பிறிஜெற் கசற்றை நிறுத்தவில்லை, திருப்பிப் போடவுமில்லை. சேலைத் தலைப்பால் ஒருதரம் மூக்கைத் துடைத்துவிட்டு, அந்தக் கடைசி வசனத்தை ஆங்கிலத்தில் தட்டத் தொடங்கினாள்.